விசிறியும் மணிக்கட்டும்

பிலிப்பைன்ஸ் நாட்டின் தென்கோடியில், மிண்டனாவோவுக்கும் போர்ணியோவுக்கும் இடைப்பட்ட கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுக் கூட்டம் சூலு. அங்கு வாழும் தௌசூக் மக்கள் தம் பெயருக்கு 'நீரோட்டத்தின் மக்கள்' என்று பொருள் கூறுவர். கடலோடிகளாகவும் வணிகராகவும் வாழ்ந்து, இஸ்லாத்தைத் தழுவி, தமக்கென ஒரு சுல்தானகத்தையும் நெடுங்காலம் பேணிய இம்மக்களின் ஆடல்களுள் ஒன்று 'சூவா-சூவா'. சூவா என்பது தோடை, எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த மரம். காதற் பாட்டொன்றுக்கு ஆணும் பெண்ணும் இணைந்து ஆடும் இவ்வாடலில் வெண்ணிற விசிறிகள் இடம்பெறுகின்றன. இளங்காற்றில் அசையும் இலைகளை அவை குறிப்பன என்பர். பார்ப்பதற்கு மிக எளியது. கற்பிக்கப் புகுந்தால் அத்துணை எளியதன்று.

சூவா-சூவாவைப் பற்றிப் பேசப் புகுவோர் 'பங்கலாய்' பற்றிப் பேசாதிருத்தல் இயலாது. தௌசூக் மக்களின் ஆடல் மரபுக்கு அடிநிலமாய் அமைந்தது அதுவே. அயலவரான சாமா மக்கள் இதனை 'இகல்' என வழங்குவர். பகையைக் குறிக்கும் நம் பழஞ்சொல்லோடு அதற்கு யாதொரு தொடர்பும் இல்லை. முழங்கால்கள் சற்றே வளைந்திருக்கும். பாதங்கள் நிலத்தைவிட்டு அதிகம் எழாமல் ஊரும். உடல் அமைதியாயிருக்க, கைகள் மட்டும் ஓயாத அலைபோல் அசைந்துகொண்டிருக்கும். ஓர் அசைவு எங்கே முடிந்தது, மற்றொன்று எங்கே தொடங்கிற்று என்று சுட்டிக் காட்ட இயலாது. நான்கு விரல்களும் ஒன்றுசேர்ந்து பின்னோக்கி வளைய, பெருவிரல் தனித்து நிற்கும். அவ்வளைவை இன்னும் நீட்டிக் காட்டும்பொருட்டு 'ஜங்காய்' எனப்படும் நீண்ட உலோக நகங்களை விரல்நுனிகளில் அணிந்து ஆடுவதும் உண்டு. பரதத்தின் முத்திரைகளைப் போல இக்கை இன்ன பொருளை உணர்த்தும் என்னும் நியதி இங்கு இல்லை. குலிந்தாங்கன் என்னும் குமிழ்ச் சேகண்டி வரிசையின் ஒலி எத்துணை விரைந்து ஓடினும், ஆடுபவர் அவ்விரைவுக்குள் அகப்படாது மெல்லவே நகர்வார். தாளத்தைக் கண்டதும் அதனைத் துரத்திப் பிடிக்க முனையும் கால்களை உடையோருக்கு இது பெருஞ் சோதனையாகும்.

இவ்வாடலை முன்னாளில் எவரும் வகுப்பு வைத்துக் கற்பித்தாரில்லை. திருமண வீட்டில் மூத்த பெண்கள் ஆடுவர், சிறுமியர் பார்த்துக்கொண்டிருப்பர், ஒரு நாள் அவர்களும் எழுந்து ஆடுவர். திருத்துவோர் இல்லை, எண்ணிக்கை சொல்வோரும் இல்லை. அசைவுகளைத் தேர்ந்து தொடுப்பது அவ்வேளையில் ஆடுபவரின் உரிமை. ஆகவே ஒருவர் ஆடியதுபோல் இன்னொருவர் ஆடுவதில்லை. ஏன், அவரே மறுநாள் ஆடினும் வேறாக இருக்கும்.

இத்தகைய மரபிலே விசிறி புகும்போது விந்தையான ஓர் இடர் தோன்றுகிறது. பங்கலாயின் அழகெல்லாம் விரல்களில் இருக்க, விசிறியைப் பற்றியதும் அவ்விரல்கள் மூடிக்கொள்கின்றன. விரல் செய்த வேலை முழுவதும் மணிக்கட்டின் மேல் விழுகின்றது. புதிதாகக் கற்பவர் இதனை உணராமல் முழங்கையிலிருந்து விசிறியை ஆட்டுவார். அப்போது அது இலையசைவாகத் தோன்றாது, அடுப்பை விசிறுவது போலவே தோன்றும்! இலை அசையும்போது கிளை அசைவதில்லை. காம்பிலேதான் நடுக்கம் நிகழ்கிறது. மணிக்கட்டே அக்காம்பு. விசிறியின் நுனி வரை விரல் நீண்டுவிட்டது என்ற உணர்வு ஆடுபவருக்கு ஏற்படும்வரை கையிலிருப்பது வெறும் துணியும் குச்சியுமே. மிண்டனாவோவின் மரனாவோ மக்களுக்குரிய 'சிங்கில்' ஆடலை முன்னர்ப் பயின்றவர்க்கோ இடர் இரட்டிப்பாகிறது. அங்கும் இரு விசிறிகள் உண்டு. ஆயின் மூங்கிற் கழிகள் மோதும் ஒலிக்கிடையே காலெடுத்து வைக்கும் அவ்வாடலில் தாளமே தலைமை. அதே பழக்கத்தோடு விசிறியைப் 'பட்'டென்று விரித்தால் சூவா-சூவாவின் இளங்காற்று அக்கணமே நின்றுவிடுகிறது.

பிலிப்பைன்ஸின் நாட்டார் ஆடல்களை ஊரூராகச் சென்று தொகுத்தவர் பிரான்சிஸ்கா ரெயெஸ் அக்கீனோ (1899-1983). 1920களில் தொடங்கிய அவரது முயற்சியினால் ஆடல்கள் இசைக்கூறு, எண்ணிக்கை, அடிவைப்பு என்ற முறையில் எழுத்தில் அமைந்து, பள்ளிக்கூடங்களைச் சென்றடைந்தன. அப்பணியின் பெருமையை எவரும் மறுக்க இயலாது. 1957 இல் தோன்றி அடுத்த ஆண்டே பிரசெல்ஸ் உலகக் கண்காட்சியிற் புகழீட்டிய பயனிஹான் குழு, நாட்டார் ஆடலைப் பெருமேடைக்குரிய காட்சியாக்கிற்று. பல இணைகள் ஒரே கணத்தில் விசிறி விரிப்பது கண்ணுக்கு விருந்துதான். ஆனால் தோட்டத்து மரங்களில் எல்லா இலைகளும் ஒரே கணத்தில் ஒரே பக்கம் திரும்புவதை எவர் கண்டார்? ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பயிற்றும்போது ஆடல் கைவருகிறது. ஆடுபவரின் தேர்வு கைநழுவுகிறது.

இவ்விடத்தில், 'இத்தகைய ஆடலைக் கற்பிக்கவே கூடாது. பார்த்துப் பிடித்துக்கொள்ள விட்டுவிட வேண்டும்' என்று கூறத் தோன்றலாம். அழகான வாதம். ஆயின் 1974 பெப்ரவரியில், மோரோ தேசிய விடுதலை முன்னணிக்கும் அரச படைகளுக்கும் இடையே மூண்ட போரில், சூலுவின் தலைநகரான ஹோலோ எரிந்து சாம்பராயிற்று. அக்காலப் போரினால் எண்ணற்ற குடும்பங்கள் சம்போவாங்காவுக்கும் கடல் கடந்து சபாவுக்கும் சென்றன. முற்றம் போனபின் முற்றத்திலே பார்த்துக் கற்பது எங்ஙனம்? எவரைப் பார்ப்பது? இவ்வினாக்களுக்கு அவ்வாதத்தில் விடை இல்லை.

இவற்றுக்குச் செயலால் விடை தேடியவர் லிகாயா பெர்னாண்டோ-அமில்பங்சா. 1943 இற் பிறந்த இவர் தௌசூக் பெண் அல்லர். மணிலாவை அடுத்த மரிக்கினாவைச் சேர்ந்தவர். சூலு சுல்தான் குடும்பத்தில் மணம்புரிந்து தெற்கே சென்று, அங்குள்ள பெண்களைப் பார்த்துப் பார்த்தே கற்றார். ஹோலோ எரிந்த அதே 1974 இல் தாவி-தாவியில் 'தம்புலி' என்ற மாணவர் ஆடற்குழுவை அமைத்தார். 1983 இல் பங்கலாய் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. 1999 இல் 'அலுன்-அலுன்' ஆடல் வட்டத்தை நிறுவினார். 2015 இல் ரமோன் மக்சைசாய் விருதைப் பெற்றார். அடிப்படை நிலைகளையும் கையசைவுகளையும் வேறுபிரித்து, நினைவிற் கொள்ளத்தக்க ஒழுங்கில் அமைத்துக் கற்பிக்கும் முறையொன்றை அவர் வகுத்தார். வெளியூரவர் ஒருவர் வகுத்த முறை என்று இதனைக் குறைகூறுவோர் இருக்கலாம். ஆனால் எழுத்துக்களைக் கற்பிப்பது ஒன்று, கடிதத்தை எழுதிக் கொடுத்துப் படியெடுக்கச் சொல்வது வேறு. அவரது முறை முன்னதன் பாற்பட்டது.

விசிறி ஆடலைக் கற்பிப்போர் இதிலிருந்து பெறக்கூடியது மிகுதி. முதல் நாள்களில் விசிறியையே கொடாதிருத்தல் நன்று. வெறுங்கையோடு, வளைந்த முழங்காலோடு, நெடுநேரம் மெல்ல நடக்கவேண்டும். சலிப்பூட்டும் பயிற்சி, தொடையும் கெண்டைக்காலும் நோகும். ஒரு வாரத்தில் மேடையேற எண்ணி வருவோர் பலர் இக்கட்டத்திலேயே நின்றுவிடுவர். விரல்கள் வளையப் பழகியபின் மூடிய விசிறி. பின்னரே விரித்த விசிறி. எண்ணிக்கை சொல்லித் தொடங்கினும் குற்றமில்லை, அதனை நிறுத்தும் நாள் ஒன்று வருமாயின். அந்நாளில் ஆசிரியை முன்வரிசையிலிருந்து விலகிச் சுவரோரம் அமர்வார். பார்த்து ஆடுவதற்கு எதிரே எவரும் இரார். பாட்டுத் தொடங்கியதும் ஒரு மாணவியின் விசிறி முந்தி எழும். இன்னொருத்தியினது இடுப்பளவிலேயே தயங்கி நிற்கும். மூன்றாமவள் நேற்றுவரை எவரும் காட்டாத ஒரு பக்கமாக மணிக்கட்டைத் திருப்புவாள். சுவரோரத்தில் இருப்பவர் எழுந்து வந்து அதைத் திருத்தமாட்டார்.