கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்!

திருவொற்றியூரில் அந்த நான்காவது மாடி வீட்டைப் பார்க்கப் போன அன்று, மருமகள் உடனே தலையாட்டியதற்குக் காரணம் படுக்கையறை ஜன்னல். திறந்தால் கடல். காற்று அள்ளிக்கொண்டு வரும். குடிவந்த மூன்றாவது மாதமே அந்த ஜன்னல்தான் வினையாகிப் போனது.

மகன் கன்டெய்னர் யார்டில் ரீச் ஸ்டாக்கர் ஓட்டுகிறான். பெட்டிகளைத் தூக்கி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குகிற பெரிய வண்டி அது. சரக்கு நிறைந்த பெட்டி ஒன்று 30 டன் வரைகூட இருக்கும். மாதத்தில் பாதி நாள் நைட் ஷிஃப்ட். இரவு 10 மணிக்கு ஏறினால் காலை 6 மணிக்குத்தான் இறங்க முடியும். வீட்டுக்கு வந்து, குளித்து, நாலு இட்லி சாப்பிட்டுத் தலை சாய்க்கும் நேரம் பார்த்து, சூரியன் கடலிலிருந்து கிளம்பி நேராகக் கட்டிலுக்கே வந்து நிற்கும்.

வெளிச்சத்தில் தூக்கம் வராதது மனப்பழக்கம் மட்டுமல்ல. கண்ணில் வெளிச்சம் பட்டால், தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பது குறைந்துவிடும். உடம்புக்குள் ஓடும் அந்தக் கடிகாரத்தின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்த மூன்று பேருக்குத்தான் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. வடசென்னைக்கு இது பரிசுக்கு முன்பே தெரிந்த சங்கதி. துறைமுகம், அனல் மின் நிலையம், லாரி தொழிற்சாலை என்று ஷிஃப்ட் கணக்கில் வாழ்கிற பூமி. பகலில் ஒரு ஜன்னலில் போர்வை தொங்கினால், 'நைட் டூட்டி பார்த்தவர் தூங்குகிறார்' என்று தெருப்பிள்ளைகள்கூட பந்தை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விடுவார்கள்.

இந்த வீட்டிலும் முதலில் போர்வைதான் கட்டினார்கள். கடல் காற்றில் அது பாய்மரமாகிவிட்டது.

ஒரு நாள் காலை, மகனின் பைக்கில் இடது பக்கக் கண்ணாடி இல்லை. மருமகள் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில், டிரெய்லர்களுக்கு நடுவில் வரும்போது ஒரே ஒரு நொடி கண் சொருகிவிட்டது. உரசியது கண்ணாடி மட்டும்தான். அவள் அதற்குமேல் எதுவும் பேசவில்லை. அன்று மதியமே, வெளிச்சம் புகாத ரோலர் பிளைண்ட்ஸ் ஒன்றை செல்போனில் ஆர்டர் போட்டாள். 'பத்தே நிமிடத்தில் நீங்களே மாட்டலாம்' என்று பெட்டியின் மேல் எழுதியிருந்தது. உள்ளே இரண்டு பிராக்கெட், நாலு ஸ்க்ரூ, நாலு பிளக்.

வீட்டு ஓனரிடம் போனில் அனுமதி கேட்டார்கள். "ஓட்டை போட்டுக்கோங்க. சுவர் உடைஞ்சா அட்வான்ஸ்ல கழிச்சுக்குவேன்" என்றார்.

நண்பனிடம் டிரில் மெஷின் இரவல் வாங்கி வந்தான் மகன். ஜன்னலுக்கு மேலே பென்சிலால் குறி வைத்து அழுத்தினான். மேல்பூச்சு மாவாக உதிர்ந்தது. அரை அங்குலம் போனதும் நின்றுவிட்டது. முழு பலத்தையும் கொடுத்து அழுத்தினான். கருகல் நாற்றம் வந்தது. பிட் முனை நீலம் பாரித்துப் போனது. பக்கத்தில் இன்னொரு இடம். அங்கும் அதே கதை. மூன்றாவது இடத்தில் பூச்சு, உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து கட்டில் மேல் விழுந்தது.

"இது சுவரா, கருங்கல்லா?" என்று மெஷினைத் தரையில் வைத்தவன், தூங்காமலேயே அன்று இரவு டூட்டிக்குக் கிளம்பினான். காலையில் அவன் வண்டிச் சத்தம் கேட்கும் வரை மருமகளும் தூங்கவில்லை.

இத்தனையையும் ஹாலில் உட்கார்ந்தபடி பெரியவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மகனின் அப்பா. ஒர்க்‌ஷாப்பில் 35 வருடம் ஃபிட்டர். இரும்பைத் துளைத்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். இப்போது கையில் நடுக்கம்; டீ டம்ளரையே இரண்டு கையாலும் பிடிக்கிறார். அதனால் வீட்டில் அவரிடம் யாரும் எந்த வேலையும் சொல்வதில்லை. கொஞ்ச நாளில், எதையும் கேட்பதுமில்லை.

மறுநாள் கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்த மருமகள், அந்த நீலம் பாரித்த பிட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினாள். "மாமா, இது ஏன் இப்படி ஆச்சு?"

பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது இரும்புக்குப் போடுற பிட்டும்மா. சுவருக்கு வேற. அதுல முனையில கார்பைடுன்னு ஒரு துண்டு ஒட்டி வச்சிருப்பான். அதுவுமில்லாம மெஷினை வெறும் டிரில்லுல வச்சு ஓட்டினான். சுத்தியல் படம் போட்ட பக்கம் திருப்பவே இல்ல."

"அன்னிக்கே தெரியுமா மாமா?"

"சத்தத்துலயே தெரிஞ்சுது."

"சொல்லியிருக்கலாமே?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

அடுத்த ஞாயிறு மகனுக்கு வார விடுமுறை. காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனவன், அப்படியே ராயபுரத்தில் அக்கா வீட்டுக்கும் போய்விட்டு வருவதாகச் சொன்னான். அவன் தலை மறைந்ததும் மாமனாரும் மருமகளும் படுக்கையறைக்குள் நுழைந்தார்கள். ஹேமர் டிரில்லும் கான்க்ரீட் பிட்டும் முந்தைய நாளே ஹார்டுவேர் கடையிலிருந்து வந்திருந்தன.

பெரியவர் முதலில் ஒரு ரூபாய் நாணயத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் ஒரு சத்தம். ஜன்னலுக்கு நேர் மேலே வேறு சத்தம். "கேட்டியா? பக்கத்துல இருக்கறது செங்கல். மேல இருக்கறது லிண்டல். ஜன்னலுக்கு மேல இருக்கற பாரத்தைத் தாங்கறதுக்குக் கம்பி கட்டி கான்க்ரீட் போட்டிருப்பான். திரை மாட்டுறவன் குறி வைக்கிறதும் சரியா அங்கதான்."

ராயபுரத்தில் அவர்கள் இருந்த பழைய வீட்டில் இந்தப் பிரச்னை இல்லை. சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய சுவர். ஆணி சுலபமாக இறங்கும், சுலபமாக ஆடிக் கீழேயும் விழும். அங்கே திரை தேவைப்பட்டதும் வெயிலுக்காக அல்ல. துறைமுகத்தின் நிலக்கரித் தூசுக்குப் பயந்து ஜன்னலையே திறக்க மாட்டார்கள். கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டியில் கரும்பொடி படியும். 2011-ல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் நிலக்கரி அங்கிருந்து எண்ணூருக்குப் போனது.

டிரில்லைப் பெரியவரால் பிடிக்க முடியாது. மருமகள் ஸ்டூலில் ஏறினாள். அவர் கீழே நின்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் துளைக்கக் கூடாது, வயர் போயிருக்கும். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் கட்டாயம். கான்க்ரீட் தூசியில் இருக்கிற சிலிக்கா நுரையீரலுக்கு ஆகாது. குறிக்குக் கீழே பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர் ஒன்றை வாய் திறந்தபடி ஒட்டச் சொன்னார், தூசியெல்லாம் அதில் விழ. பிளக் நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக அளந்து, பிட்டில் ஒரு டேப் சுற்றச் சொன்னார், ஆழம் தெரிய.

"அழுத்தாத. மெஷின் தானா தட்டிக்கிட்டு உள்ள போவும். நீ நேரா புடிச்சா போதும். நடுவுல நடுவுல வெளிய இழுத்துத் தூசியைத் தள்ளு."

முதல் துளை வெண்ணெயாக இறங்கியது. இரண்டாவதில் திடீரென்று சத்தம் மாறியது. "நிறுத்தும்மா! கம்பி. அதோட சண்டை போடக் கூடாது. ஓர் அங்குலம் தள்ளிப் போடு."

கம்பி தெரிந்த ஓட்டையை அவர் அப்படியே விடவில்லை. சிமென்ட் குழைத்து, நடுங்கும் விரலாலேயே அடைத்தார். உப்புக் காற்று புகுந்தால் கம்பி துருப்பிடிக்கும்; துரு பெருத்துக் கான்க்ரீட்டை வெடிக்க வைக்கும். சன்ஷேடு உதிர்ந்து கம்பி பல்லிளிக்கும் கட்டடங்களை இந்தக் கரையோரத்தில் பார்க்காதவர்கள் யார்? பெட்டியில் வந்த ஸ்க்ரூவையும் ஒதுக்கிவிட்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போட வைத்தார்.

பிளக்கைத் துளைக்குள் தட்டும்போது மருமகள் கேட்டாள், "இந்தத் துண்டு பிளாஸ்டிக்கா மாமா தாங்கும்?"

"ஸ்க்ரூ உள்ள போகப் போக இது விரிஞ்சு சுவரைக் கவ்விக்கும். நான் வேலைக்குச் சேர்ந்தப்போ மரத்தைச் செதுக்கி அடிப்போம்" என்றார். பொருள் சின்னது என்றாலும் அதன் வரலாறு பெரியது. 1911-ல் இங்கிலாந்தில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் சணல் நாரில் செய்ததுதான் ராவல் பிளக். 1958-ல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் அதை நைலானுக்குக் கொண்டுவந்தார்.

பெயர்ந்த இடத்தையும் பூசி முடிக்கும்போது மணி பன்னிரண்டு. வஞ்சிரத்தோடு வந்த மகன் ஜன்னலைப் பார்த்தான். திரையை இறக்கினான், ஏற்றினான், பிராக்கெட்டை இழுத்துப் பார்த்தான். அசையவில்லை.

"யாரை வச்சு மாட்டின?"

"உங்க அப்பாவும் நானும்தான்."

அவன் திரும்பி அப்பாவைப் பார்த்தான். அவர் சிமென்ட் ஒட்டிய விரலைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். "எந்த பிட்டு நைனா போட்டீங்க?" என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அரை மணி நேரம் பேசினார்கள். மருமகள் மீன் கழுவும் சத்தத்தைக்கூடக் குறைத்துக்கொண்டாள்.

மறுநாள் இரவு ஷிஃப்ட் முடித்து, செவ்வாய்க்கிழமை காலை வந்து படுத்தான். திரை இறங்கியிருந்தது. அன்று குக்கர் விசில் போடவில்லை, சாதத்தை வடித்தார்கள். மதியம் கதவு லேசாகத் திறந்தது. கலைந்த தலையோடு, "மணி ஆறாயிடுச்சா? டூட்டிக்கு லேட்டா?" என்று பதறினான்.

ஹாலில் இருந்த பெரியவர் கையைக் காட்டினார். "ரெண்டுதான் ஆவுது. போய்த் தூங்குடா."