காத்தவராயனைப் படித்த சுகம்

பேய், மந்திரம், உருமாற்றம் என்று வரும் கதைகளை ரசிக்கிறேன் என்றால் நம் தோழர்கள் பலருக்கு முகம் சுருங்கும். மூடநம்பிக்கை என்பார்கள். தலித் எழுத்தென்றால் பட்ட வலியைச் சொல்வது, அதில் சுகம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. எனக்குச் சுகம் வேண்டும். ராத்திரி விளக்கை அணைக்காமல் 'அப்புறம் இன்னா ஆச்சு' என்று பக்கம் புரட்டும் சுகம்.

அது எனக்குக் கிடைத்தது பெரிய எழுத்துக் கதைகளில். இராயபுரத்துக்குப் பக்கத்தில், கொண்டித்தோப்பில் இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் மலிவு விலையில் அச்சடித்துப் பரப்பிய வகை. எம்.ஏ. தமிழில் உலாவும் தூதும் உருப்போட்டேன். காத்தவராயன் கதையை இலக்கியமென்று யாரும் காட்டவில்லை.

சேப்பிள்ளையான் என்கிற பறையர் வீட்டில் வளர்கிறவன் காத்தவராயன். பார்ப்பனப் பெண்ணென்று சொல்லப்படும் ஆரியமாலைமேல் ஆசை. தாய் வேண்டாமென்கிறாள், கேட்கிறானா? ஊருக்கு ஊர் சொல்வது மாறும். கிளியாவான், வளையல்காரனாவான், கூட்டாளி சின்னானோடு சேர்ந்து காவலையெல்லாம் ஏய்ப்பான். சாதிக்காரன் காவல் நிற்கும் வாசலில் மனுசனாகப் போக முடியாதவன் கிளியாகப் போகிறான். இதைவிட யதார்த்தம் வேறென்ன இருக்கிறது?

தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டிவிட்டு வருகிறானே, அது எனக்கு ஒப்பவில்லை. அவளைக் கேட்டானா? அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கோபம் தணிந்துதான் மறுபடி எடுத்தேன்.

கடைசியில் கழுமரம். இதற்குத் தோதாக முன்னால் ஒரு கதை தைத்திருக்கிறார்கள். அவன் தெய்வப் பிள்ளையாம், சாபத்தால் வந்து பிறந்தவனாம், கழுவேறுவது ஏற்கனவே விதித்ததாம். மதுரைவீரனையும் இப்படித்தான் ராஜா வீட்டுப் பிள்ளை ஆக்கினார்கள், 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்த படத்திலும் அதே கதைதான். சேரிப் பிள்ளை என்றால் கொலை. தெய்வப் பிள்ளை என்றால் விதி, கொன்றவன் கையில் இரத்தமில்லை. நான் அந்த ஒட்டுத்துணியைப் பிரித்துப்போட்டுவிட்டுப் படிக்கிறேன். கதைக்கு ஒரு குறையும் வரவில்லை.

சில மாதங்களுக்கு முன் திருவொற்றியூரில், சாயங்காலம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இதை வாசித்தேன். பதினொன்றாவது படிக்கும் பெண் ஒருத்தி, ட்வைலைட் படத்தில் இரத்தக்காட்டேரிப் பையன் காதலிப்பதைப் பார்த்துச் சொக்கியவள், கழுமரம் வந்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"கிளியா மாறத் தெரிஞ்சவந்தானக்கா? கழுமரத்துலேர்ந்து பறந்து பூட வேண்டியதுதானே?"

"பறந்து பூட்டா சாமி ஆவ மாட்டான்ல" என்றான் ஒரு பையன்.

"சாமி ஆவறதுக்கா லவ் பண்ணான்?"

எனக்குப் பதில் வரவில்லை. 2003-இல் விருத்தாசலம் பக்கம் கண்ணகியும் முருகேசனும், 2016-இல் உடுமலைப்பேட்டையில் சங்கர். அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் அந்தப் பெயர்கள் தெரியும். சங்கரை வெட்டிய வீடியோவைச் செல்போனில் பார்த்தவர்களும் இருந்தார்கள்.

மறுவாரம் மதுரைவீரன் வாசிப்பதாக இருந்தோம். அதிலும் மாறுகால் மாறுகை வாங்குகிற இடம் வரும். பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனாலும் அதைத்தான் வாசிக்கணும் என்கிறார்கள்.