மாமாவின் லொறியில் ஒரு பிளக்

ஃபோர்ட் எஃப்-150 லைட்னிங் என்று ஒரு மின்சார பிக்கப் இருக்கிறது. அதில் இருக்கிற பிளக் பாயிண்டுகளில் 9.6 கிலோவாட் வரைக்கும் கரண்ட் எடுக்கலாமாம், ஒரு வீட்டையே ஓட்டலாமாம். ஹொஸ்டலில் ஒருத்தி வீடியோவைக் காட்டி வாயைப் பிளந்தாள். எனக்கு மாமாவோட பழைய பட்டா லொறிதான் ஞாபகம் வந்தது.

2022 மார்ச். நாட்டில் டொலர் இல்லை, டீசல் இல்லை, நீர்த்தேக்கங்களில் தண்ணியும் குறைவு. 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டு என்றார்கள். கினிகத்தேனையில் இருந்துகொண்டு இதைக் கேட்பதுதான் கொடுமை. லக்ஷபான, நோர்ட்டன் பிரிட்ஜ், பொல்பிட்டிய என்று சுத்தி எல்லாப் பக்கமும் மின்நிலையம். லயத்துக்குள்ளே மெழுகுதிரி.

அன்று ராத்திரி அம்மாயிக்கு இழுப்பு வந்துவிட்டது. நெபுலைசர் வீட்டில் இருக்கிறது, கரண்ட் இல்லை. லொறியில் டீசல் அடியில் கொஞ்சம்தான். ரொம்ப முடியாமல் போனால் ஆஸ்பத்திரிக்குப் போக அதைத்தான் வைத்திருந்தோம். அதனால் எஞ்சினைப் போட மாமாவுக்கு மனசில்லை. அம்மாயியை முன் சீட்டில் உட்கார வைத்து, சிகரெட் லைட்டர் ஓட்டையில் இன்வேர்ட்டரைச் சொருகினோம். போன் சார்ஜ் ஆகுது. நெபுலைசரைப் போட்டால் 'ட்ர்ர்' என்று ஒரு சத்தம், பிறகு இன்வேர்ட்டர் பீப் அடித்து நின்றுவிடும். மூணு தடவையும் அப்படியேதான்.

"பெட்டரி செத்துப்போச்சு புள்ள" என்றார் மாமா. மீட்டர் வைத்தோம், 12.5 வோல்ட். பெட்டரி நல்லாத்தான் இருக்கு!

பக்கத்து லயத்தில் வயரிங் வேலை செய்கிற அண்ணா வந்து ஒன்றுதான் சொன்னார்: "சும்மா இருக்கிறப்ப அளக்காத தங்கச்சி. மெஷின போட்டுக்கிட்டு அள."

போட்டோம். பெட்டரி முனையில் 12க்குக் கிட்ட. இன்வேர்ட்டர் வாயில் 10க்கும் கீழே. நடுவில் இருந்த மெல்லிய வயரும் ஆடுகிற சொக்கெட்டும் மிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தன. நெபுலைசர் 180 வாட். 12 வோல்ட்டில் அது 15 அம்பியர். மோட்டார் கிளம்பும் நொடியில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். வோல்ட் இறங்கினதும் இன்வேர்ட்டர் பெட்டரியைக் காப்பாற்றத் தானே நின்றுவிடுகிறது. போன் இழுப்பது கொஞ்சம் என்பதால் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. ஆர்ட்ஸ் படித்த எனக்கே விளங்கியது.

ஜம்பர் வயரை வெட்டி, நடுவில் பியூஸ் வைத்து, பெட்டரியிலேயே நேரே மாட்டினார். பியூஸ் இல்லாமல் தொடவே விடவில்லை. ஷோர்ட் ஆனால் வயரே பத்திக்கொள்ளும். இந்தத் தடவை மோட்டார் ஓடியது. கொஞ்சம் உறுமிக்கொண்டு, ஆனால் ஓடியது. 10 நிமிஷத்துக்கு 3 அம்பியர் அவர்தான் போகும், காலையில் லொறி ஸ்டார்ட் ஆகும் என்று அண்ணா கணக்குப் போட்டுச் சொன்ன பிறகுதான் மாமா மூச்சு விட்டார். அம்மாயியும்.

ஹொஸ்டல்காரி பிறகு இன்னொன்றும் சொன்னாள். அந்த லைட்னிங்கை வீட்டு வயரிங்கோடு இணைத்தால் சில இடங்களில் பிளக் உடனே ஓஃப் ஆகிவிடுமாம். நியூட்ரலும் எர்த்தும் வண்டியிலும் வீட்டிலும் என்று இரண்டு இடத்தில் சேர்ந்திருந்தால், திரும்பி வரும் கரண்ட் இரண்டு வழியாகப் பிரியும். வண்டியின் பாதுகாப்பு சுவிட்ச் அதைக் கசிவு என்று நினைத்து நிறுத்திவிடும். அங்கேயும் முதல் பழி வண்டிக்குத்தான்.

அந்தத் தடித்த வயர் இன்னும் லொறி சீட்டுக்குக் கீழேதான் கிடக்கு. அதுக்கு மேல மரக்கறிப் பையை வைக்க அம்மாயி விடாது.