பழைய காரில் ஊட்டியா? முள்ளையும் கொஞ்சம் பாருங்க!

மேட்டுப்பாளையத்தைத் தாண்டினால் பாக்குத் தோப்புகளின் குளுமை. கல்லாறு கடந்ததும் ஏற்றம் ஆரம்பம். குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 1,500 மீட்டர் உயரம் ஏற வேண்டும்.

குடும்பமே பள்ளத்தாக்கை ரசிக்க, பழைய அம்பாசடரை ஓட்டுபவருக்கு மட்டும் ஒரு கண் டெம்பரேச்சர் முள் மீதுதான். முள் நடுவில் நின்றால் பயம் வேண்டாம். 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இன்ஜினுக்கு இயல்பான சூடே. ஏற்றத்தில் சற்று உயர்ந்து, சமதளத்தில் இறங்கினாலும் சரிதான். சிவப்புக் கோட்டை நோக்கி ஏறிக்கொண்டே போனால்தான் ஆபத்து.

மலைக்கு மேலே இன்னொரு சிக்கல். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில், அடுப்பில் வைத்த தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரில் அப்படிக் கொதிக்காமல் காப்பது, உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடிதான். அதன் ரப்பர் நைந்திருந்தால், கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள்.

வழியில் முள் எகிறினால் ஏ.சி.யை அணைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டுங்கள். பர்லியார் பழக்கடைகள் அருகில் என்றால் இன்னும் வசதி. பிள்ளைகளுக்கும் பொழுது போகும். அரை மணி நேரமாவது இன்ஜின் ஆறட்டும். சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும். ஊட்டி எங்கேயும் போய்விடாது, நிதானமாக ஏறுங்கள்!