சாவடி

வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்று பூவிருந்தவல்லிச் சாலையில் மூன்று சாவடிகள் இருக்கின்றன. மூன்றாவதில் இறங்க வேண்டியவர் முதலாவதில் இறங்கிவிட்டு விழிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நான் குடியிருப்பது நடுச்சாவடியில்.

"குமணன் செத்த இடமா தாத்தா? சாவு, அடி ரெண்டும் இருக்கே!" என்று கேட்டான் பேரன். புலவனுக்காகத் தன் தலையையே தர முன்வந்த முதிரமலை வள்ளலின் கதையைப் பள்ளியில் கேட்டிருக்கிறான்.

"இல்லையடா, வழிப்போக்கர் தங்கும் இடம்" என்று சொல்லிவிட்டு, அன்றிரவு அகராதிகளோடு உட்கார்ந்தேன்.

சின்னச் சொல்தான், ஆனால் நிரம்ப ஊர் சுற்றியிருக்கிறது! தெலுங்கில் சாவடி. கன்னடத்திலும் மராத்தியிலும் அதுவே கிராமக் கணக்கர் உட்காரும் கச்சேரி. 1918-இல் மறைந்த சீரடி சாயிபாபா ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில் உறங்கியதும் ஒரு சாவடியில்தான். தில்லியின் சாவ்ரி பஜார் என்ற பெயரும் இதன் வழி வந்ததென்பார்கள். ஆங்கிலேயர் வாயில் இது 'சௌல்ட்ரி' ஆயிற்று. பதினேழாம் நூற்றாண்டுச் சென்னையில் சௌல்ட்ரி என்றால் சில்லறை வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம். கூடவே ஒரு சிறையும் உண்டு!

பிறந்த இடம் எது? வடமொழியில் 'சதுர்' என்றால் நான்கு. நாலு வழி கூடும் இடம் என்று பொருள் சொல்வாருண்டு. 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியோ பிறப்பு ஐயத்துக்குரியது என்று சொல்லிவிடுகிறது. பிறப்பு எதுவானாலும் பிழைப்பு தெரிகிறது. இளைப்பாறத் திண்ணை கொடுத்த சொல், இன்று சுங்கச்சாவடியில் கம்பை இறக்கிக் காசு கேட்கிறது.

இப்படி நான் ரசித்துக்கொண்டிருந்தபோது வெளியே மழை கொட்டியது. கம்பிக் கதவருகே ஒரு முதியவர் நின்றார்.

"ஐயா, மழை விடுற வரைக்கும் இப்படி ஓரமா உட்கார்ந்துக்கட்டுமா?"

"யார் நீங்க? எந்த ஊர்? இந்நேரத்திலே எங்கே போறீங்க?" என்று அடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார், நனைந்தபடியே. பிறகுதான் சாவியைத் தேடப் போனேன். திரும்பி வந்தபோது அவர் இல்லை. எதிர்வரிசையில், பூட்டிய கடையின் தகரக் கூரைக்குக் கீழே, பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். கூப்பிட்டேன், மழைச் சத்தத்தில் கேட்கவில்லையோ, கேட்டும் வரவில்லையோ!

காலையில் பேரன், "அகராதியிலே என்ன போட்டிருந்தது தாத்தா?" என்றான்.

"கேள்வி கேட்காமல் கதவைத் திறக்கிற இடம் என்று போட்டிருந்தது" என்றேன்.

எந்த அகராதியிலும் அப்படி இல்லை.