மஞ்சள்காமாலை என்று சொன்னோம்

சிங்கவரம் மலையில் படுத்திருக்கும் அரங்கநாதரைப் பார்த்திருக்கிறீர்களா? செஞ்சியிலிருந்து கொஞ்ச தூரம்தான். பல்லவர் காலத்துக் குடைவரை. பாறையோடு பாறையாகச் செதுக்கிய பெருமாள். 1714-ல் ஆற்காட்டு நவாபோடு சண்டைக்குக் கிளம்பிய தேசிங்குராஜா வந்து உத்தரவு கேட்டபோது, பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். 'போகாதே' என்று அர்த்தம். ராஜா போனார், திரும்பவில்லை. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகூட இந்தக் கதையைச் சொல்லும்.

அந்தக் கோயில் படிக்கட்டில் வைத்துத்தான் என் நண்பன் அதைச் சொன்னான். 1993, வைகுண்ட ஏகாதசி. கூட்டம் எங்களைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. கையிலிருந்த துளசியைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டபடி, "மச்சான், எனக்கு அங்க கொப்புளம் வந்திருக்குடா" என்றான்.

"எங்க?"

"அங்கதான்."

தை மாதம் அவனுக்குக் கல்யாணம். பத்திரிகை அடித்து, பாதி கொடுத்தும் ஆகிவிட்டது. தீபாவளி முடிந்து நாலு பேரோடு பாண்டிச்சேரி போனவன், குடித்துவிட்டு ஓர் இடத்துக்கும் போயிருக்கிறான். ஒரே ஒரு தடவை. அதன் பிறகு தினமும் குளிக்கும்போது குனிந்து பார்க்க ஆரம்பித்திருக்கிறான். மொட்டின் விளிம்பைச் சுற்றி, முத்துக் கோத்த மாதிரி வரிசையாகச் சின்னச் சின்னப் பருக்கள். வலியில்லை, அரிப்பில்லை. ஆனால் தூக்கமும் இல்லை.

நான் கேட்பதற்கு முன்பே ஒரு வைத்தியரைப் பார்த்து முடித்திருந்தான். பஸ் ஸ்டாண்ட் சுவரில் போஸ்டர் ஒட்டுவார்களே, இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் முகாம் என்று, அந்த மாதிரி ஒருவர். நாடியை மட்டும் பிடித்துப் பார்த்துவிட்டு, 'மேகம் எலும்பு வரைக்கும் இறங்கியாச்சு' என்று சொல்லி, ஒரு லேகியமும் சூரணமும் கொடுத்து 1,800 ரூபாய் வாங்கியிருக்கிறார். அது அவனுடைய இரண்டு மாதச் சம்பளம். இடத்தை அவர் பார்க்கவேயில்லை என்பதுதான் விசேஷம்.

அந்தக் காலத்துப் பயத்தையும் சொல்ல வேண்டும். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவியும்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தார்கள். அதற்கப்புறம் எங்கள் ஊர் டீக்கடையில்கூட 'எய்ட்ஸ்' என்ற வார்த்தை புழங்கியது. உடம்பில் ஒரு பரு வந்தால் போதும், மனசு நேராகச் சுடுகாட்டுக்குப் போய்விடும்.

மறுவாரம் இரண்டு பேரும் சென்னைக்கு பஸ் ஏறினோம். பாரிமுனையில் இறங்கி அரசு பொது மருத்துவமனைக்கு நடந்தோம். பால்வினை நோய்ப் பிரிவுக்கு வழி கேட்க அவனுக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. முகத்தில் கர்சீப்பைக் கட்டிக்கொண்டு, மூன்று தடவை தப்பான வார்டுக்குள் நுழைந்தான்.

டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். ஸ்கிரீனுக்குப் பின்னால் நிற்க வைத்து, விளக்கைப் பிடித்துப் பத்து விநாடி பார்த்தார். "தம்பி, இது வியாதி இல்ல. உன் உடம்பு. வயசுக்கு வந்தப்பவே வந்திருக்கும், நீதான் இப்ப பாத்திருக்கே" என்றார். எத்தனையோ ஆண்களுக்கு இது உண்டாம். ஒட்டாது, வளராது, மருந்தும் தேவையில்லை.

இவன் அழுதே விட்டான். எழுந்து ஓடப் பார்த்தவனை டாக்டர் உட்காரச் சொன்னார். "வெளிய எங்கயாவது போனியா?" என்று கேட்டார். குரலில் அதட்டலும் இல்லை, கேலியும் இல்லை. இவன் தலையாட்டினான். "அப்ப ரத்தம் கொடுத்துட்டுப் போ. கண்ணுக்குத் தெரியறதுல ஒண்ணும் இல்ல. தெரியாததுக்குத்தான் டெஸ்ட்."

அதுவரை நாங்கள் பருவைப் பற்றியேதான் பயந்துகொண்டிருந்தோம். சிஃபிலிஸ் என்கிற கிரந்தி நோயின் முதல் புண் பெரும்பாலும் வலிக்காது. சில வாரத்தில் தானே ஆறியும் போகும். 'லேகியம் வேலை செஞ்சிடுச்சு' என்று ஆள் நிம்மதியாகிவிடுவான். கிருமி ரத்தத்தில் இருந்துகொண்டே இருக்கும், வருஷங்கள் கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கும். நேரத்தோடு கண்டுபிடித்தால் பென்சிலின் ஊசியிலேயே தீர்ந்துவிடும். (இதற்கு 'பறங்கிப்புண்' என்று இன்னொரு பெயர். நாம் பறங்கியரைச் சொன்னோம், இத்தாலிக்காரன் பிரெஞ்சுக்காரனைச் சொன்னான், பிரெஞ்சுக்காரன் நேப்பிள்ஸ்காரனைச் சொன்னான். இந்த வியாதிக்குச் சொந்த ஊரே கிடையாது!)

மற்றவற்றுக்கும் அடையாளங்கள் உண்டு. நீர்க்கொப்புளங்கள் கூட்டமாக வந்து உடைந்து எரிந்தால் ஹெர்பிஸாக இருக்கலாம். நடுவில் தொப்புள் மாதிரி குழி விழுந்த பரு ஒரு வைரஸ் வேலை. காலிஃப்ளவர் மாதிரி பூத்து வளரும் மரு ஹெச்.பி.வி. என்ற இன்னொரு வைரஸால் வருவது. இதே குடும்பத்தின் வேறு சில வகைகள்தான் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவருகின்றன. அதைக் கண்டுபிடித்த ஹெரால்ட் ஸுர் ஹாஸனுக்கு 2008-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இப்போது தடுப்பூசியும் வந்துவிட்டது. ராத்திரியில் அரிப்பு உயிரை எடுத்து, விரல் இடுக்கிலும் பரு இருந்தால் அது சொறி சிரங்கு, வீட்டில் எல்லோருக்கும் மருந்து போட வேண்டும். ஷேவ் செய்த மறுநாள் வரும் பரு பெரும்பாலும் உள்பக்கம் வளைந்த முடிதான். மணல் தூவின மாதிரி மஞ்சளாகத் தெரியும் புள்ளிகளை 1896-ல் ஃபோர்டைஸ் என்ற அமெரிக்க டாக்டர் எழுதிவைத்தார். வெறும் எண்ணெய்ச் சுரப்பிகள், நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு உண்டு.

இதையெல்லாம் படித்துவிட்டு நீங்களே கண்ணாடி முன்னால் நின்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். புண்ணாகிவிட்டாலோ, வலி, ரத்தம், சீழ், காய்ச்சல் இருந்தாலோ, இரண்டு வாரமாகியும் போகாமல் வளர்ந்தாலோ, வயிற்றில் குழந்தை இருந்தாலோ போய்க் காட்டிவிடுங்கள். துணைக்கும் அதே தொல்லை என்றால் இரண்டு பேருமே போகவேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் அரிப்பை அடக்கும், நோயை வளர்க்கும். மருவுக்குச் சுண்ணாம்பு வைத்து அந்த இடத்தையே புண்ணாக்கிக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். பெரிய அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே 'சுகவாழ்வு மையம்' இருக்கிறது, காசு கிடையாது. வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097-க்கு போன் போடலாம்.

இவனுக்கு முதல் ரத்தப் பரிசோதனை நல்லபடியாக வந்தது. ஆனால் எச்.ஐ.வி. அவ்வளவு சீக்கிரம் தெரியாமலும் போகலாம் என்றார் டாக்டர். இப்போது அந்த இடைவெளி குறைந்திருக்கிறது. அன்றைக்கு மூன்று மாதம். "மறுபடி பாத்துட்டு அப்புறம் தாலி கட்டு. அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?"

கல்யாணத்தைத் தள்ள வேண்டும். காரணம்? நான்தான் சொன்னேன், மஞ்சள்காமாலை என்று. பெண் வீடு மேல்மலையனூர் பக்கம். செய்தி போன மூன்றாம் நாள் ஒரு கட்டுக் கீழாநெல்லியோடு ஆள் வந்துவிட்டது. வந்தவர் எதிரிலேயே அரைத்து மோரில் கலக்கி, மடக் மடக்கென்று குடித்தான். இரண்டாவது ரிசல்ட்டும் நல்லதாக வந்தது. வைகாசியில் கல்யாணம்.

மூன்று வருஷம் போயிருக்கும். அவன் மனைவி இரண்டு நாளாகக் காலை அகட்டி அகட்டி நடந்திருக்கிறாள். கேட்டால், "சூடுங்க, ஒண்ணுமில்ல." மூன்றாம் நாள் காய்ச்சல் அனலாக அடித்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அன்று ராத்திரி கதவைச் சாத்திவிட்டு, இவன் தன் கதையை ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறான். பாண்டிச்சேரி, லேகியம், கர்சீப், எல்லாம். சொல்லிவிட்டு, "நானே அங்க போய்க் காட்டிட்டு வந்தவன். நீ என்கிட்ட சொல்றதுக்கு என்ன?" என்றானாம்.

அவள் வெகுநேரம் அழுதிருக்கிறாள், கட்டிக்காக அல்ல. பிறகு சொன்னாள். பிறப்புறுப்பின் வாசலில் ஒரு பக்கமாக எலுமிச்சை அளவுக்குக் கட்டி. விடியற்காலையில் ஜிப்மரில் கீறிச் சீழை எடுத்தார்கள். வழவழப்புத் தரும் பார்தோலின் சுரப்பி அடைத்துக்கொண்டதுதானாம். எந்தப் பெண்ணுக்கும் வரலாம், யார் தப்பும் இல்லை. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் விபரீதமாகியிருக்கும்.

"எழுதிக்கோ, பேரை மட்டும் போடாதே" என்று போனவாரம் அனுமதி கொடுத்தான். அவளுக்குச் சம்மதமா என்று கேட்டேன். போனை அவளிடமே கொடுத்தான்.

"எழுதுங்கண்ணா. ஆனா ஒண்ணு கேக்கணும். எங்கம்மா வயக்காடெல்லாம் தேடிப் பறிச்சு அனுப்பின கீழாநெல்லி. மஞ்சக்காமாலைன்னு சொல்லச் சொன்னது நீங்கதானா?"