ஏழு மணி கால்ஷீட்

சாலிகிராமத்தில் நாங்கள் குடியிருந்த தெருவிலிருந்து விடிந்தும் விடியாமலும் ஒரு வயலின் கிளம்பிப் போகும். எதிர்வீட்டு மாமா பெட்டியை டிவிஎஸ் 50-யின் முன்பக்கம் நிற்கவைத்து, இரண்டு முழங்காலாலும் அணைத்தபடி வண்டியை எடுப்பார். ஏழு மணி கால்ஷீட். ஸ்டூடியோவில் ஐம்பது வயலின்கள் ஒன்றாக வில்லைத் தூக்கிய காலம் அது. மதியம் திரும்புபவரைத் தெருப் பிள்ளைகள் சூழ்ந்துகொள்வோம்.

"இன்னிக்கு என்ன படம் மாமா?"

"தெரியலப்பா. நோட்ஸ் குடுத்தாங்க, வாசிச்சோம். பாட்டு மட்டும் பெரிசா வரும், பாரு."

பல மாதம் கழித்துத் தேநீர்க் கடை வானொலியில் அந்தப் பாட்டு வரும்போது, பல்லவி முடிந்து வயலின்கள் எழும் இடத்தில் நின்றுவிடுவார். "இது நாங்க." 'நான்' என்று அவர் சொல்லிக் கேட்டதே இல்லை.

எம்.பி.சீனிவாசன் பெயரை முதலில் கேட்டதும் அவரிடம்தான். 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தவர். சென்னையில் சினிமா இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவர். அதற்கு முன்பெல்லாம் வாசித்த காசுக்குக் கம்பெனி கம்பெனியாக நடக்க வேண்டும் என்பார் மாமா. சங்கம் வந்த பிறகு கூலி ஒழுங்காகக் கைக்கு வந்தது. 1988-இல் எம்.பி.எஸ். லட்சத்தீவில் இறந்துபோன செய்தி வந்த அன்று மாமா வீட்டில் வயலின் சத்தமே இல்லை.

தெருமுனையில் ஒரு ரெக்கார்டிங் சென்டர். கண்ணாடி அலமாரியில் இசைத்தட்டுகள், மேசையில் இரட்டை டெக். வேண்டிய பாட்டுகளை வெள்ளைத்தாளில் எழுதி, டிடிகே தொண்ணூறு ஒன்றும் வாங்கிக் கொடுத்தால் இரண்டு நாளில் கேசட் தயார். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோகாமல் நிமிடக் கணக்குப் பார்த்து அடுக்குவதில் அந்த அண்ணன் கெட்டிக்காரர். அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் படத்தின் பெயர், பாடியவர் பெயர் எழுதுவார். அழியாமலிருக்கக் கேசட்டின் மேல்விளிம்பிலுள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் காதுகளையும் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஒடித்துத் தருவார். மாமாவும் அங்கேதான் பதிவு செய்துகொள்வார், தான் வாசித்த பாட்டுகளைக் காசு கொடுத்து. அண்ணனுக்கு அவர் வயலின்காரர் என்று தெரியும். எந்தப் பாட்டில் என்பது தெரியாது.

அந்தக் கடை முதலில் எம்பி3 குறுந்தகடு விற்கிற கடையானது. ஒரே தகட்டில் நூற்றுக்கும் மேல் பாட்டுகள். பிறகு இணையத்திலிருந்து பென் டிரைவில் ஏற்றித் தருகிற கடை. பிறகு ஷட்டர் இறங்கியது. 2004-இல் தமிழ்நாட்டில் குண்டர் சட்டத்துக்குள் வீடியோ திருட்டையும் கொண்டுவந்தார்கள். திருட்டால் தொழில் அழிகிறது என்று இசைக் கம்பெனிகள் முறையிட்டதில் நியாயம் இருந்தது. கேசட் கம்பெனிகள் பல அப்படித்தான் காணாமல் போயின. ஆனால் முறையாகக் காசு கொடுத்து வாங்கிய கேசட்டிலிருந்தும் எங்கள் மாமாவுக்கு ஒரு பைசா வந்ததில்லை. இதைத்தான் நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்: திருடனிடமிருந்து மீட்ட பணம் யார் வீட்டுக்குப் போகிறது என்பதையும் சேர்த்துக் கேட்காமல் திருட்டைப் பற்றி மட்டும் பேசக் கூடாது.

பதிப்புரிமைச் சட்டமே அப்படித்தான் இருந்தது. படத்துக்காகக் கூலி கொடுத்து எழுதி, இசையமைத்து வாங்கிய பாட்டுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்போடு நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். பாடுகிறவனை இந்தச் சட்டம் கண்டுகொள்ளவே இல்லையே, நாடாளுமன்றம் இதை யோசிக்க வேண்டும் என்பது அவர் மனத்தாங்கல். 1994-இல் நிகழ்த்துகலைஞர் உரிமை என்று ஒன்று வந்தது. படத்தில் சேர்க்கச் சம்மதித்த மறுகணமே அது போய்விடும் என்ற நிபந்தனையோடு. கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் விடாமல் வாதாடி, 2012 திருத்தம் நிறைவேறிய பிறகுதான், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் எதில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் ராயல்டி உரிமையை எழுதிக்கொடுத்துவிட முடியாது என்றானது. பாடியவருக்கும் வாசித்தவருக்கும்கூட வணிகப் பயன்பாட்டில் பங்கு உண்டு என்றானது. அடுத்த ஆண்டு பாடகர்கள் தங்கள் ராயல்டியை வசூலிக்க 'இஸ்ரா' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பின்னர் வாத்தியக் கலைஞர்களையும் சேர்த்து அது 'இசாம்ரா' ஆனது.

அதற்குள் கீபோர்டு வந்து ஐம்பது வயலின்களும் வீடு திரும்பியிருந்தன. மாமா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக் காலத்தை ஓட்டினார். இப்போது அவர் இல்லை. மாமி ஒருமுறை அவருடைய கால்ஷீட் நோட்டுகளை எடுத்துக் காட்டினார். தேதி, ஸ்டூடியோ, கம்பெனி பெயர், தொகை. எல்லாம் நீல மையில், கோணாத வரிசையில். பாட்டின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. வாசித்த அன்று பாட்டுக்குப் பெயரே தெரியாதே. கைப்பேசியில் இன்று அதே பாட்டைக் கேட்டால் பாடியவர் பெயர் வருகிறது. இசையமைத்தவர் பெயர் வருகிறது. எழுதியவர் பெயர் சிலவற்றில் வருகிறது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வாசித்தவர் பெயருக்கு அங்கே கட்டமே கிடையாது.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்கள் சிலர் வடபழனியிலும் சாலிகிராமத்திலும் இன்னும் இருக்கிறார்கள். பாட்டைப் போட்டால், இதில் செல்லோ யார், தனி வயலின் யார் என்று முகப்பிசையிலேயே சொல்லிவிடக்கூடிய காதுகள். இசைக் கம்பெனிகளும் சங்கமும் ஒலிநாடாவோடு அவர்களிடம் போய் உட்கார்ந்து, பாட்டுவாரியாகப் பெயர்களை எழுதிக்கொள்ள வேண்டும். எண்பதைத் தாண்டியவர்கள் அவர்கள். இந்த வருஷமே போக வேண்டும்.